அந்துப்பூச்சிக்கு அந்துருண்டைதான் வழியா?



போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். சமையலறையில் சாம்பல் நிறத்தில் சின்னப் பூச்சி பறக்கிறதாம், ஸ்பிரே அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சமாம். பீரோவில் பட்டுப் புடவையிலும் ஓட்டை விழுகிறது, எத்தனை அந்துருண்டை போட்டாலும் தீரவில்லை, யாராவது வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். படித்ததும் எழுதியே ஆகணும் என்று தோன்றியது. வழி சொல்வதற்காக மட்டும் இல்லை. "எத்தனை அந்துருண்டை போட்டாலும்" என்ற அந்த வார்த்தை எனக்குப் பகீரென்றது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 16 வருஷம் ஆகிறது. பத்தாவது வரைதான் படிப்பு. எங்க வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். பார்க்க வருகிறவர்கள் "ஆஹா, என்ன காத்து!" என்பார்கள். அந்தக் காத்தில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், சுவர் உவர் பூத்து உதிரும், உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அப்பளம் பொரிக்கும் முன்பே நமத்துப் போகும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு இதே கதைதான். இந்த ஈரத்தில் நாம் கஷ்டப்பட்டு இருக்கிறோம், பூச்சிகள் சௌகரியமாக இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளணும். பறக்கிற அந்து எதையும் தின்னாது. நெஜமாத்தான் சொல்றேன். அரிசியில் வரும் அந்தும் சரி, கம்பளியில் வரும் அந்தும் சரி, சிறகு முளைத்தபின் சாப்பிடுவதே இல்லை. ஜோடி சேர்ந்து முட்டை போட்டுவிட்டு ஒன்றிரண்டு வாரத்தில் செத்துப்போகும். தின்பதெல்லாம் முட்டையிலிருந்து வரும் புழுதான். அது பறக்காது, நம் கண்ணிலும் படாது. இருட்டில், மூலையில், மடிப்பில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும். நாம் என்னடாவென்றால் பறக்கிறதைத் துரத்தி ஸ்பிரே அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று போய்ப் படுத்துக்கொள்கிறோம். மறுவாரம் திரும்பப் பறக்கிறது. பின்னே பறக்காதா?

இன்னொன்று. சமையலறை அந்து வேறு ஜாதி, துணி அந்து வேறு ஜாதி. அரிசி அந்து பட்டுப் புடவையைத் தொடாது, துணி அந்துக்கு ரவை வேண்டாம். சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் சமையலறைக்காரன்தான். துணி அந்துக்கு வெளிச்சமே ஆகாது. பீரோவைத் திறந்ததும் ஓடி மடிப்புக்குள் ஒளியும்.

முதலில் சமையலறையைப் பார்ப்போம். ரவையிலோ, அரிசியிலோ, கேழ்வரகு மாவிலோ கையை விட்டால் சில சமயம் நூலாம்படை மாதிரி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வருமே, அது வண்டு வேலை இல்லை. வண்டு நூல் விடாது. அரிசி அந்தின் புழுதான் வாயிலிருந்து நூல் விட்டு, மணிகளை ஒட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டி, அதற்குள் இருந்துகொண்டு தின்னும். ஒரு பெண் அந்து நூற்றுக்கு மேல் முட்டை போடும். நம்ம ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து மறுபடி பறக்கிற வரைக்கும் சுமார் ஒன்றரை மாதம். ஆகையால் இன்றைக்கு ஒரு பூச்சியைப் பார்க்கிறீர்கள் என்றால் அது ஒன்றரை மாதத்துக்கு முந்தைய சங்கதி. எந்த டப்பாவில் என்று தேடிப் பிடிக்கணும். பெரும்பாலும் நாம் மறந்துபோன டப்பாதான். கொலுவுக்கு வாங்கி மீந்த கொண்டைக்கடலை, குழந்தை சாப்பிடாமல் விட்ட சத்துமாவு, சாமி அலமாரியில் பச்சரிசிக் கிண்ணம், நிலக்கடலைப் பொட்டலம், நாய்க்கு வாங்கிய தீனி, இப்படி.

சிரிப்பு என்னவென்றால், நாம் துரத்தித் துரத்தி அடிக்கும் இதே அரிசி அந்தை நம்ம தமிழ்நாட்டிலேயே கம்பு போட்டு வளர்க்கிறார்கள்! என் சித்தி மகள் கடலூர்ப் பக்கம் ஒட்டுண்ணி வளர்க்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். கம்பை உடைத்து, அதில் கொஞ்சம் நிலக்கடலைப் பொடியும் ஈஸ்டும் கலந்து பிளாஸ்டிக் தொட்டிகளில் கொட்டி, அந்து முட்டையைத் தூவி, மேலே துணியால் கட்டி வைப்பார்களாம். பிறகு பறக்கும் அந்தைப் பிடித்து முட்டை எடுத்து, அட்டையில் பசை தடவி ஒட்டுவார்கள். அந்த முட்டைக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிக் குளவி போய் முட்டை போடும். அந்த அட்டையைக் கரும்புத் தோட்டத்தில் இலைக்கு அடியில் கட்டினால், குளவி வெளியே வந்து கரும்பைத் துளைக்கும் இடைக்கணுப்புழுவின் முட்டையை ஒழித்துவிடும். "அக்கா, உனக்கு எதிரி, எனக்குச் சம்பளம்" என்று போனில் சிரிப்பாள். அவளிடம்தான் ஒன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே அந்து நன்றாகப் பெருக என்ன செய்கிறார்கள்? உடைத்த தானியம், கலைக்காமல் விடுவது, மூடி வைத்த இருட்டு. இந்த மூன்றும்தான். நாம் அதற்கு நேர் எதிராகச் செய்தால் போதும் இல்லையா?

அதனால் நான் செய்வது இதுதான். ரவை, மைதா, சேமியா, கேழ்வரகு மாவு, உடைத்த கோதுமை, இதெல்லாம் அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. வாங்கிய அன்றே ரவையை வாணலியில் சூடு ஏற வறுத்து, நன்றாக ஆறவிட்டு டப்பாவில் போட்டுவிடுவேன். மாவை வறுக்க முடியாது, அதைப் பொட்டலத்தோடு இன்னொரு கவரில் சுற்றி ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுப்பேன். முட்டை இருந்தாலும் செத்துவிடும். எடுத்ததும் திறக்காதீர்கள், வெளிச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள், இல்லையென்றால் வியர்த்து மாவு கட்டிவிடும். கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் கவரை நம்பாதீர்கள். அந்தப் புழு அதைக் கடித்து ஓட்டை போட்டு வெளியே வரும், அடுத்த கவருக்குள்ளும் போகும். எவர்சில்வர் சம்படம், கண்ணாடி பாட்டில், இறுக்கமாக மூடும் டிரம், இவைதான் சரி.

ரேஷன் அரிசிதான் எங்களைப் போன்ற வீட்டில் பெரிய பிரச்சினை. மாதம் மூட்டையாக வருகிறது. அவசரத்தில் பழைய அரிசி மேலேயே புதுசைக் கொட்டிவிடுவது பலர் வழக்கம். அடியில் இருக்கும் ரெண்டு படி அரிசி வருஷக் கணக்கில் அடியிலேயே கிடக்கும், அங்கேதான் குடித்தனம் நடக்கும். டிரம்மைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதுசைப் போடுங்கள். மீந்த பழைய அரிசியை முதலில் சமைத்துவிடுங்கள். மூடியின் சுருள், டிரம்மின் விளிம்பு, அலமாரியில் விரித்த பேப்பருக்கு அடி, ஆணி அடித்த ஓட்டை, இங்கெல்லாம் புழு வந்து கூடு கட்டித் தூங்கும். அரிசியைச் சுத்தம் செய்துவிட்டு இந்த இடங்களை விட்டுவிட்டால் பாதி வேலைதான் ஆச்சு.

சித்திரை வெயிலில் அரிசியை மொட்டை மாடியில் பாயில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, ஆறியபின் புடைத்து எடுத்து வைப்பது நம்ம ஆயாக்கள் செய்த காரியம். அது மூட நம்பிக்கை இல்லை, சூட்டில் முட்டையும் புழுவும் தாக்குப்பிடிக்காது. கார்த்திகையில் மூடாக்கு வெயிலில் செய்தால் ஈரம் இன்னும் ஏறும், பிரயோஜனம் இல்லை. புடைக்கும்போது ஒரு சங்கதி. ரேஷன் அரிசியில் 2023-ஆம் வருஷம் சத்துச் சேர்த்த அரிசி கலந்து வர ஆரம்பித்தபோது, கொஞ்சம் நிறம் மாறித் தெரிந்த அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி, பூச்சி அரிசி என்று எங்க தெருவில் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தார்கள். இரும்புச் சத்து சேர்த்த மணி அது. அதை எறிந்துவிட்டு இரும்பு மாத்திரைக்கு வரிசையில் நின்றால் எப்படி?

வசம்பு, வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடலாமா என்று கேட்பீர்கள். போடுங்கள், தப்பில்லை. வசம்பை ராத்திரியில் பேர் சொல்லாமல் "பேர் சொல்லாதது" என்றுதான் என் மாமியார் சொல்வார். அந்த வாசனைக்குப் பூச்சியை அண்டவிடாத குணம் உண்டு. ஆனால் ஏற்கெனவே உள்ளே புழு இருந்தால் ரெண்டு துண்டு வசம்பைப் பார்த்து அது ஓடிவிடாது. துவரம்பருப்பு, பயறுக்கு லேசாக விளக்கெண்ணெய் தடவுவது வண்டுக்கு நல்லது. வண்டு முட்டை அதில் பொரிக்காது.

இனி சொல்லப் போவதைத் தோழிகள் கொஞ்சம் கவனித்துப் படிக்கணும். என் வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். ஹார்பரில் இறங்குகிற தானியம், பருப்பு, மரச்சாமான் இதற்கெல்லாம் புகை மருந்து போடுவதை நாள்தோறும் பார்க்கிறவர். கன்டெய்னர் கதவை மூடி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மண்டையோடு போட்ட போர்டு மாட்டி, மணிக்கணக்கில், சில மருந்துக்கு நாள் கணக்கில் யாரையும் கிட்டே விடமாட்டார்கள். பிறகு திறந்து காற்றாட விட்டு, மீட்டர் வைத்து வாயு இல்லை என்று பார்த்தபின்தான் ஆள் ஏறுவார்கள். அந்த மருந்துக்கே லைசென்ஸ் பெற்றவர்கள் தனியாக இருக்கிறார்கள்.

எங்க பக்கத்துத் தெரு ஆயா ஒருத்தங்க, யாரோ சொல்லிக் கொடுத்தார்கள் என்று அதே மாத்திரையை வாங்கி வந்துவிட்டார்கள். துணியில் முடிந்து அரிசி டிரம்மில் போட்டால் வருஷத்துக்கும் பூச்சி வராதாம். நல்ல வேளை, குழாயின் சீலை உடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா இது, இத்தப் போயி சோறு ஆக்குற அரிசில போடுவாங்களா? வூட்டுல படுத்திருக்கிற அத்தினி பேரும் எழுந்திருக்க மாட்டீங்க" என்று பதறிப்போனார். சீல் பிரிக்காமலே எடுத்துப்போய், யார்டில் அந்த வேலை செய்கிறவரிடமே ஒப்படைத்தார். அலுமினியம் பாஸ்பைடு என்று அதற்குப் பேர். காத்தில் இருக்கும் ஈரம் பட்டாலே விஷ வாயு கிளம்பும். எங்க ஊர்க் காத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? பூண்டு நெடி, அழுகின மீன் நெடி மாதிரி வரும் என்கிறார்கள். காசிமேட்டுப் பக்கம் வீட்டில் மீன் நெடியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இதற்கு மாற்று மருந்து கிடையாது. பூட்டின அறையில் குடும்பமே போன செய்திகள் நம் நாட்டில் எத்தனையோ வந்திருக்கின்றன. அந்து மருந்து இல்லை என்றாலும் 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் நடந்தது நினைவிருக்கும். எலிக்கு மருந்து வைத்த வீட்டில் அந்த நெடி மூச்சில் போய் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள் என்று பேப்பரில் படித்து அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அரிசியில் போரிக் பவுடர் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டவே வேண்டாம், கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

சரி, பீரோவுக்கு வருகிறேன்.

துணி அந்தின் புழு எல்லாத் துணியையும் தின்னாது. ஆட்டு ரோமம், பட்டு, முடி, இறகு, இப்படி உயிரிலிருந்து வந்ததைத்தான் தேடும். பிள்ளைகளின் ஸ்வெட்டர், குல்லா, கல்யாணத்துக்குத் தைத்த கம்பளிக் கோட்டு, காஷ்மீர்ச் சால்வை, தொழுகை விரிப்பு கம்பளியாக இருந்தால் அது, பட்டுப் புடவை. பரணில் பெட்டிக்குள் போட்டு வைத்த சவுரி முடியைக்கூட விடாது! என் மாமனார் யூனியனில் இருந்தவர், மேடைக்கு மேடை போட்ட பொன்னாடைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அத்தனையும் பாலியஸ்டர், ஒரு நூலைக்கூட அந்து தொட்டதில்லை. பருத்திப் புடவையில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் அந்து காரணம் இல்லை, ராமபாணப் பூச்சியாக இருக்கும். வெள்ளி மாதிரி மினுக்கிக்கொண்டு மீன்போல ஓடுமே, அதுதான். அதற்குக் கஞ்சி என்றால் உயிர். கஞ்சி போட்ட காட்டன் புடவையை அப்படியே மாதக்கணக்கில் மடித்து வைப்பது அதற்கு விருந்து வைப்பது மாதிரி. நாள்பட வைக்கிறதானால் கஞ்சியில்லாமல் அலசி வையுங்கள், கட்டும்போது போட்டுக்கொள்ளலாம்.

நம்ம பக்கத்தில் இன்னொருத்தர் உண்டு. சுவரில் வெள்ளரி விதை மாதிரி தட்டையாக, சாம்பல் நிறத்தில், மணலும் தூசும் ஒட்டிய ஒரு சின்னப் பை ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் தலை நீட்டும், தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு மறுமுனையில் எட்டிப் பார்க்கும். எங்க பிள்ளைகள் "பைப்புழு" என்பார்கள். பலர் அதைத் தூசு என்று நினைக்கிறார்கள். அதுவும் அந்துப் புழுதான், கூட்டைச் சுமந்துகொண்டு திரிகிறது. ஈரமான ஊர்தான் அதற்குப் பிடிக்கும். ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த தலைமுடி, தூசு இதைத் தின்னும், கிடைத்தால் கம்பளியையும் விடாது. இதற்கு மருந்தே வேண்டாம், ஒட்டடைக் கொம்பு போதும். வாரம் ஒருநாள் மூலை முடுக்கு, ஃபேன் மேல், பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் தட்டி, உதிரும் முடியைக் கூட்டி அள்ளினாலே பட்டினி கிடந்து போய்விடும். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், கை நுழைகிற அளவு இடைவெளி விடுங்கள். உவர் பூத்த சுவர் என்றால் கட்டாயம்.

இப்போது அந்துருண்டை. பாச்சை உருண்டை என்றும் சொல்வோம். நாப்தலின் என்பது அதன் பேர், நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது. காத்துப் புகாத பெட்டிக்குள் அதன் ஆவி அடர்ந்து நின்றால்தான் புழு சாகும். நம் பீரோவில் கதவு இடுக்கு, பூட்டு ஓட்டை என்று ஆவி வெளியே வந்துகொண்டே இருக்கும். அறைக்குள் வாசனை அடிக்கிறதென்றால் அது பூச்சிக்குப் போகவில்லை, நமக்கு வருகிறது. மருந்தின் வேலையும் நடக்காது, மூச்சில் விஷமும் போகும்.

2017-இல் ராயபுரத்தில் என் நாத்தனாருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது, நன்றாக வாழ்ந்த வீட்டுப் பிள்ளையின் பழைய துணி போடணும் என்பது நம்ம வழக்கம். நல்ல வழக்கம்தான், பழசு மெத்தென்று இருக்கும். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆசையாக, மூத்த பேரனின் சட்டை, குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் அந்துருண்டை போட்டு மூடிய பெட்டி. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அந்தத் துணியைச் சுற்றிப் படுக்கவைத்தார்கள். ரெண்டு மூன்று நாளில் கண்ணெல்லாம் மஞ்சள், குழந்தை பால் குடிக்கவில்லை, சிறுநீர் கட்டங்காப்பி மாதிரி போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள், ரத்தமும் ஏற்ற வேண்டியதாயிற்று. அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "இந்தத் துணி எங்கே இருந்தது? அந்துருண்டை போட்ட பெட்டியா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் பொறுமையாகச் சொன்னார். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஜி-6-பி-டி என்ற ஒரு பொருள் குறைவாக இருக்கும், ஆண் பிள்ளைகளிடம் அதிகம். அவர்கள் உடம்பில் நாப்தலின் ஆவி மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ போனால் ரத்தச் சிவப்பு அணுக்கள் உடைந்துவிடும். உடைந்தால் மஞ்சள் ஏறும், ரத்தம் குறையும். மஞ்சள் அளவுக்கு மீறினால் மூளையைப் பாதிக்கும். நாப்தலின் எண்ணெயில் கரையும் பொருள், ஆகையால் எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் சீக்கிரம் இறங்கும். குறை இருக்கிறதா என்று வெளியே பார்த்துத் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். எங்க பிள்ளைக்கும் இருந்தது. கடவுள் புண்ணியத்தில் பிழைத்தான், இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறான். ஆனால் இன்றைக்கும் எந்த மாத்திரை வாங்கினாலும் டாக்டரிடம் இந்த விஷயத்தைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள்.

பிறந்த குழந்தைக்கு வரும் எல்லா மஞ்சளுக்கும் அந்துருண்டை காரணம் என்று நான் சொல்லவில்லை. சாதாரணமாகவே நிறையக் குழந்தைகளுக்கு லேசாக வந்து போகும். ஆனால் குழந்தை பிறக்கப்போகும் வீட்டில், கர்ப்பிணி இருக்கும் அறையில், அந்துருண்டை வேண்டாம். கீழே உருண்டு கிடந்தால் தவழும் பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும், ஒன்று தின்றாலே ஆபத்து. அப்படி நடந்தால் பாலைக் கீலைக் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள், உருண்டையின் கவரையும் எடுத்துப் போங்கள். ஐரோப்பிய நாடுகளில் 2008-இலேயே நாப்தலின் உருண்டையைத் தடை செய்துவிட்டார்கள். புற்றுநோய் வரவும் வாய்ப்புண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2002-இல் பட்டியலில் சேர்த்தது. நம் கடைகளில் இன்னும் ஊதுவத்திக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பதிலுக்குச் சூடம் போடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதையும் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும், ஆகையால் எட்டாத இடத்தில்தான்.

பழைய துணி போடும் வழக்கத்தை விட வேண்டாம். பெட்டித் துணியை ரெண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்து, வாசனை அறவே போகும் வரை நாலைந்து நாள் வெயிலிலும் காற்றிலும் போட்டு எடுத்தபின் போடுங்கள். மூக்கில் வைத்துப் பார்த்து லேசாக அடித்தாலும் மறுபடி துவைத்துப் போடணும். இதைக் கர்ப்பத்தின் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே செய்து வைத்துவிட்டால் பிரசவ அவசரத்தில் மறக்காது.

அப்படியானால் பட்டுப் புடவைக்கு என்ன வழி? அந்துப் புழுவை இழுப்பது வெறும் பட்டு இல்லைங்க, அதில் இருக்கும் வியர்வை, கழுத்தழுக்கு, சிந்தின பாயசம். கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு வந்து அப்படியே மடித்துப் பீரோவில் வைப்பதுதான் வினை. கட்டினபின் நிழலில் ரெண்டு மணி நேரம் காற்றாட விட்டு, கறையைத் துடைத்து, நாள்பட வைக்கிறதென்றால் டிரை வாஷ் கொடுத்து வாங்கி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் எங்க ஊருக்கு ஆகாது, உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வைத்தால் உள்ளே இருக்கும் முட்டை, புழு உதிர்ந்துவிடும். ஸ்வெட்டர், குல்லாவுக்கு ஃப்ரீசர் வைத்தியம் நன்றாகவே நடக்கிறது, கவரில் இறுகக் கட்டி ரெண்டு வாரம் வைத்து எடுக்கலாம். வெட்டிவேர், கிராம்பு, வசம்பு சின்னப் பையில் கட்டிப் போடலாம், வாசனைக்கு வாசனை. ஆனால் அழுக்குப் புடவைக்கு வெட்டிவேர் காவல் நிற்காது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்க தெருவில் முழங்கால் தண்ணீர். எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வந்து சுவரெல்லாம் கறுப்பாக ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் பாத்திரம், மெத்தை என்று பார்த்தோமே தவிர, பீரோவின் அடித்தட்டை யாரும் உடனே காலி செய்யவில்லை. மாசிக்குள் தெரு முழுக்க சுவரில் பைப்புழு, அரிசியில் அந்து. அதனால் வெள்ளம் வந்த வருஷம், தண்ணீர் வடிந்த முதல் வாரத்திலேயே பீரோவை முன்னே இழுத்துக் கதவைத் திறந்து போட்டு, அடித்தட்டுத் துணியை நனையாவிட்டாலும் எடுத்து உலர்த்துங்கள். ஈரம் பட்ட அரிசி, மாவு, பருப்பில் பூஞ்சணம் இருந்தால் மனசு கேட்காவிட்டாலும் தூக்கி எறியத்தான் வேணும். கோழிக்கும் போடக்கூடாது. வெறும் அந்து மட்டும் வந்த அரிசி என்றால் நூல் கட்டியதை எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, மீதியை வெயில் காட்டிப் புடைத்து நாலைந்து தண்ணீரில் கழுவிச் சமைக்கலாம்.

கருவாட்டுப் பானையில் வரும் மயிர்ப்புழு இந்த வகை இல்லை, அது வண்டுப் புழு. அதன் சொந்தக்காரன் ஒருவன் கம்பளியையும் பட்டையும் தின்பான், ஆகையால் கருவாட்டை பீரோ இருக்கும் அறையில் வைக்காதீர்கள். அதை ஒழிக்க நல்ல உப்பும் நல்ல வெயிலும் தவிர எனக்கு வேறு தெரியாது. காசிமேடு, பழவேற்காடு பக்கத்துத் தோழிகள் யாருக்காவது தெரிந்தால் அடுத்த வாரம் இந்தப் பக்கத்தில் எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவொற்றியூர், சென்னை.